இரண்டு இடையர்களின் பசி: கட்டலோனியாவில் ஒரு கிறிஸ்துமஸ் நாடகம்

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் பக்கத்து ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஸ்பெயினின் வடகிழக்கிலுள்ள கட்டலோனியாவில் கிறிஸ்துமஸ் காலத்தில் ‘எல்ஸ் பாஸ்துரெத்ஸ்’, அதாவது ‘சின்ன இடையர்கள்’, என்ற நாடகம் போடும் ஊர்கள் ஏராளம். தங்கள் ஊரில் போடுவதுதான் அசல், மற்றதெல்லாம் ஒப்பேற்றல் என்று ஒவ்வோர் ஊரும் நம்புகிறது. பார்சிலோனாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான ரயில் பயணம், மூடிக் கிடக்கும் நூற்பாலைகள், ஓர் ஆறு, சரிவில் வீடுகள். அடையாளம் இவ்வளவு போதும்.

டிசம்பர் 26 அங்கே புனித எஸ்தேவான் திருநாள், விடுமுறை. முந்தின நாள் விருந்தில் மிஞ்சிய இறைச்சியை அரைத்து, மாவுத் தகட்டில் சுருட்டி, மேலே வெள்ளைக் குழம்பு ஊற்றி அடுப்பில் வாட்டிய கனெலோன்ஸ்தான் வீட்டுக்கு வீடு மதிய உணவு. என் தோழியின் அம்மாவுக்கு எண்பது வயதாகிறது. நாற்பத்து மூன்று வயதான என்னை ‘நேனா’ என்றுதான் கூப்பிடுவார். ‘சின்னப் பெண்ணே’ என்று பொருள். போதும் என்று கையை மறித்த பிறகும் தட்டில் இரண்டு சுருள்களை வைத்தார்.

“சாப்பிடு நேனா. சாயங்காலம் இரண்டு பேர் மேடையில் பட்டினி கிடப்பதை இரண்டரை மணி நேரம் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றோடு போனால் தாங்காது.”

அவர் விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அரங்கு ஊர் மன்றத்தின் பின்பக்கம் இருந்தது. இத்தகைய மன்றத்தை ‘அதெனெவு’ என்கிறார்கள். முன்னால் காபிக்கடையும் சீட்டாடும் மேசைகளும், கதவைத் தள்ளினால் சிவப்பு மெத்தை நாற்காலிகளும் மாடமும் கொண்ட முழு நாடகக் கொட்டகையும். இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய மேடையா என்று வியந்துகொண்டே நுழைந்தேன். டிக்கெட் கிழித்த பெண்மணி தம் வாழ்க்கை வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: ஐந்து வயதில் வானதூதர், பன்னிரண்டில் இடையச் சிறுமி, இருபதில் மரியாள், இப்போது தையல் பொறுப்பு. நடிப்பவர்களில் ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. மின்பணியாளர், பள்ளி ஆசிரியை, மருந்துக்கடைக்காரர் என்று எல்லோரும் ஊர்க்காரர்கள். அக்டோபரில் ஒத்திகை தொடங்கிவிடுமாம்.

கதையை அறியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. மீட்பர் பிறக்கப் போகிறார் என்று தெரிந்து நரகம் பதறுகிறது. சாத்தான் தன் கூட்டத்தை ஏவி, சூசையப்பரையும் மரியாளையும் இடையர்களையும் வழிமறிக்கப் பார்க்கிறான். மிக்கேல் அதிதூதர் வாளோடு வந்து அவனை மிதிக்கிறார். இறுதியில் எல்லோரும் குடிலில் கூடுகிறார்கள். இதுதான் மேலோட்டமான கதை. ஆனால் மக்கள் டிக்கெட் வாங்குவது லியுகெத், ருவெல்யோ என்ற இரண்டு இடையர்களுக்காக. இருவரும் பயந்தாங்கொள்ளிகள், சோம்பேறிகள், எந்நேரமும் பசித்திருப்பவர்கள். ஒருவன் பெயருக்குக் கந்தகம் தோய்த்த தீக்குச்சி என்று பொருள். மற்றவன் பெயர் இலையுதிர் காலத்தில் கட்டலான்கள் கூடையோடு காட்டுக்குப் போய்த் தேடும் ஆரஞ்சு நிறக் காளானின் பெயர். பெத்லகேமில் அந்தக் காளான் முளைக்குமா என்று கேட்கக் கூடாது. கேட்டேன். தோழியின் அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

திரை விலகியபோது அந்தப் பார்வையின் காரணம் புரிந்தது. மேடையில் இருந்தது பெத்லகேம் அன்று, நான் ரயில் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்த மலைதான். பைன் மரங்கள், கல் வீடு, தொலைவில் பனி. இடையர்கள் தலையில் பர்ரெதினா என்னும் சிவப்புக் கம்பளித் தொப்பி. எல்லாம் காகிதத்தில் வரைந்தவை. காட்சியைக் காகிதத்தில் வரைந்து, இலைகளின் ஓரங்களை ஒன்றொன்றாக வெட்டி, பின்னால் வலை ஒட்டித் தொங்கவிடுவது பழைய கட்டலான் மேடைக் கலைஞர்கள் வளர்த்தெடுத்த முறை. எடை குறைவு, மடித்து வைக்கலாம். விளக்கொளி பட்டால், வெட்டிய இலைகளுக்கு இடையில் நிஜமாகவே காற்று ஓடுவது போலத் தோன்றுகிறது. எட்டாவது வரிசையில் இருந்த எனக்கு வலை தெரியவில்லை. இடைவேளையில் அருகே போய்ப் பார்த்தபோது பழைய மடிப்புத் தடங்களும் பசை வைத்த ஒட்டுகளும் தெரிந்தன.

நாடகத்தின் கட்டமைப்பில் எனக்கு மிகப் பிடித்த சூழ்ச்சி வேறொன்று. நரகம், காடு, நாசரேத்து, மீண்டும் நரகம் என்று காட்சி மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் முன்திரை ஒன்று இறங்கும். அதற்கு முன்னால் உள்ள நான்கடி அகலத்தில் லியுகெத்தும் ருவெல்யோவும் வந்து ஒரு ரொட்டித் துண்டுக்காகச் சண்டை போடுவார்கள். பின்னால் ஆட்கள் கயிறு இழுப்பதும் பலகை நகர்வதும் காதில் விழும். சத்தம் கூடினால் இவர்களும் குரலை உயர்த்துகிறார்கள். அரங்கம் மாற்றும் அவசரத்தை மறைக்க வைத்த இடைச்செருகல்தான், ஆனால் அதுவே நாடகத்தின் உயிராகிவிட்டது. பின்னால் சொர்க்கத்தைக் கட்டுகிறார்கள், முன்னால் இரண்டு பேர் ரொட்டிக்கு அடித்துக்கொள்கிறார்கள்.

அந்த நான்கடியில் எழுதி வைத்த வசனம் ஓரளவுதான். மீதி, ஆண்டுக்கு ஆண்டு நடிகர்கள் சேர்க்கும் உள்ளூர்ச் சமாசாரம். ஊரின் ஒரே வங்கிக் கிளையும் மூடப்பட்டுவிட்டதாம். “பாலனுக்குப் பொன் கொண்டுவரும் அரசர்கள் அதை எங்கே போய் மாற்றுவார்கள்?” என்று ருவெல்யோ கேட்டபோது அரங்கம் அதிர்ந்தது. நான் மட்டும் அரை நிமிடம் கழித்து, மொழிபெயர்ப்பு வந்து சேர்ந்த பிறகு, தனியாகச் சிரித்தேன்.

குழந்தைகளுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. காட்டுக் காட்சியில் இடையர்கள் இருவரும் முன்னால் பார்த்தபடி “பேயாவது பிசாசாவது” என்று வீரம் பேச, சாத்தான் பின்னால் பூனை போல வந்து நிற்கிறான். நமக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரியவில்லை. நாடகக்காரர்களின் மிகப் பழைய ஆயுதம் இது. ஐந்து வயதுக்குட்பட்ட கூட்டம் முழுவதும் எழுந்து நின்று “பின்னால்! பின்னால்!” என்று கத்தியது. ருவெல்யோ வேண்டுமென்றே தப்பான பக்கம் திரும்பினான். ஒரு சிறுவன் ஆத்திரம் தாங்காமல் தன் ஒரு காலணியை மேடைமீது எறிந்தான். லியுகெத் அதை எடுத்துக் கடித்துப் பார்த்து, “வேகவில்லை” என்று திருப்பிக் கொடுத்தான்.

பிறகு அந்த விபத்து. புகை கிளம்பிச் சாத்தான் தரைக்குள் மறைய வேண்டிய இடம். மேடையில் ஒரு பொறிக்கதவு இருக்கிறது, கீழே இருவர் கயிற்றால் இறக்குவார்கள். வெடி வெடித்தது, கந்தக நெடி பரவியது, புகை விலகியது. சாத்தான் இடுப்புவரை தரைக்குள், இடுப்புக்கு மேலே வெளியில், கையில் திரிசூலத்தோடு அசையாமல் நின்றான். கீழே யாரோ இழுக்கும் சத்தம். ஓர் அங்குலம் இறங்கி, இரண்டு அங்குலம் ஏறினான். லியுகெத் நிதானமாக அருகே போய் எட்டிப் பார்த்து, “நரகத்திலும் இடம் இல்லையாம். சந்தைத் திடலில் வண்டியை நிறுத்தப் பார்” என்றான். சாத்தான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொம்புகளின் நடுக்கத்தில் தெரிந்தது. கடைசியில் ஏறி வெளியே வந்து, கம்பீரமாகப் பக்கவாட்டில் நடந்து போனான். அன்றைக்கு மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

நான்கு நாட்களுக்கு முன் பார்சிலோனா பேராலயத்தின் எதிரே சாந்தா லியூசியா சந்தையில் சுற்றிக்கொண்டிருந்தேன். 1786 முதல் நடக்கும் சந்தை, குடில் பொம்மைகளுக்குப் பேர்போனது. மாதா, சூசையப்பர், மாடு, கழுதை இவற்றோடு, கால்சட்டையை இறக்கிவிட்டுக் குந்தி மலம் கழிக்கும் ஒரு குடியானவன் பொம்மையும் கடைக்குக் கடை இருந்தது. பெயர் காகனே. குடிலின் ஒரு மூலையில் அவனை ஒளித்து வைப்பார்கள், குழந்தைகள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நிலத்துக்கு உரம், வீட்டுக்கு வளம் என்று விளக்கம் சொல்கிறார்கள். நிந்தனை இல்லையா என்று விற்றவரிடம் கேட்டேன். “அவன் இல்லாத குடில் பொம்மைக் கடை அலமாரி மாதிரி” என்றார். லியுகெத்தையும் ருவெல்யோவையும் பார்க்கும்போது அந்த வார்த்தை நினைவுக்கு வந்தது. தெய்வம் வந்து பிறக்கிற ஊரில் பசியும் மலமும் பயமும் இருந்தே தீர வேண்டும் என்பதில் கட்டலான்கள் பிடிவாதக்காரர்கள்.

இந்த வடிவத்தை எழுதியவர் ஜுஸெப் மரியா ஃபொல்க் இ தோரெஸ். சிறுவர் எழுத்தாளர், ‘என் பாத்துஃபெத்’ என்ற சிறுவர் இதழால் வீடுதோறும் அறியப்பட்டவர். பார்சிலோனாவின் கொலிசேவு பொம்பெயா அரங்கில் 1916 டிசம்பர் 24 அன்று முதல் முறையாக மேடை ஏறியது. இடையர் நாடகங்கள் அதற்கும் வெகு காலத்துக்கு முந்தியவை; தேவாலயத்துக்குள் நடந்த கிறிஸ்துமஸ் வழிபாட்டுக் கூத்திலிருந்து கிளைத்தவை. வேறு ஆசிரியர்களின் வடிவங்களும் இன்றுவரை சில ஊர்களில் நடக்கின்றன. சில பழைய வடிவங்களில் வானதூதரும் புனிதர்களும் ஸ்பானிய மொழியில் பேசுவார்கள், கட்டலான் மொழி இடையர்களின் வாயில்தான் வரும். மேலிடத்துக்கு ஒரு மொழி, மாட்டுக் கொட்டகைக்கு ஒரு மொழி. ஃபொல்க் இ தோரெஸின் நாடகத்திலோ மிக்கேல் அதிதூதரும் சாத்தானும் காளான் பெயர்க்காரனும் ஒரே மொழி பேசுகிறார்கள்.

இடைவேளையில் காபிக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது தோழியின் அம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “பள்ளியில் நாங்கள் கட்டலானில் பேசினால் கன்னியாஸ்திரீ கையை நீட்டச் சொல்வார். அடி விழும். டிசம்பர் வந்தால் பங்குச் சாமியார் கூடத்தில் மிக்கேல் சம்மனசு எங்கள் வீட்டு மொழியில் பேசும். எனக்கு ஏழு வயது. அப்படியானால் கன்னியாஸ்திரீ சம்மனசையும் அடிப்பாரா என்று அப்பாவிடம் கேட்டேன்.”

அப்பா என்ன சொன்னார்?

“மெதுவாகப் பேசு என்றார்.”

ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் 1939இல் முடிந்து சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி வந்த பிறகு, 1946 வரை பொது நாடக அரங்குகளில் கட்டலானுக்கு இடமில்லை. அதற்குப் பிறகும் பள்ளியில், அரசு அலுவலகத்தில் அந்த மொழி நுழைய முடியாத காலம் நீண்டது. பங்குக் கூடத்தில் நடந்த பக்தி நாடகத்தை யாரால் குறை சொல்ல முடியும்? அரசே கத்தோலிக்கத்தைத் தூக்கிப் பிடித்த காலம் அது. தேவாலயத்தின் நிழலில் நின்றுகொண்டு ஒரு மொழி ஆண்டுக்கு ஒருமுறை உரக்கப் பேசிக்கொண்டது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது அங்கத்துக்குப் பிறகு கதை தளர்கிறது. வானதூதர் குழு பாடும் போதெல்லாம் எனக்கு இருமல் வந்தது. மரியாளுக்குத் தலை குனிந்து நிற்பதைத் தவிர வேலையே இல்லை. ஆனால் நரகக் காட்சிகளில் ஆசிரியர் கை முழுமையாகத் திறந்துகொள்கிறது. நான் பார்த்த அரங்கேற்றத்தில் தலையான பாவங்கள் ஏழும் ஆளுக்கொரு நிறப் புகையில் வந்தன. சின்னப் பிசாசுகளாக வந்தவர்கள் ஊர்த் திருவிழாவில் வாணவெடியோடு ஆடும் பிசாசாட்டக் குழுவினர். அந்த ஆட்டத்தில் ஊர்ப் பெரிய மனிதர்களைப் பாட்டாலேயே கிண்டல் செய்வது வழக்கம். அந்தப் பழக்கத்தை நாடகத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள். மேயர் நான்காவது வரிசையில் உட்கார்ந்து, தம்மைப் பற்றிய வரிகளுக்குத் தாமே முதலில் சிரித்தார். வேறு வழி?

கடைசிக் காட்சியில் எல்லோரும் சிலை போல உறைந்து நிற்க, குடிலின் உள்ளே விளக்கு மெல்ல ஏறியது. பாலன் இயேசுவாகக் கிடந்தது அந்த ஊரில் கடைசியாகப் பிறந்த குழந்தை, ஏழு வாரப் பெண் குழந்தை. அரங்கமே மூச்சை அடக்கிய நேரத்தில் அது வீறிட்டது. மரியாள் தலை நிமிர்ந்து, அன்றைக்கு முதல் முறையாகத் தானாக ஒன்று செய்தாள்: குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக் கொடுத்தாள். ருவெல்யோ தன் பையிலிருந்து, நாடகம் முழுவதும் யாருக்கும் தராமல் காப்பாற்றி வைத்திருந்த ரொட்டித் துண்டை எடுத்துத் தொட்டிலின் ஓரத்தில் வைத்தான். வைத்துவிட்டு ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

என்னை ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டவர் சாத்தான். தோழியின் ஒன்றுவிட்ட அண்ணனாம். காதுக்குப் பின்னால் சிவப்புச் சாயம் இன்னும் போகவில்லை. பின் இருக்கையில் அவர் மகள் இறக்கைகளோடு தூங்கிக்கொண்டிருந்தாள். பொறிக்கதவைப் பற்றிக் கேட்டேன். பலகை ஈரத்தில் ஊதிவிட்டதாம், நாளை காலை உளியோடு போய் இழைக்க வேண்டுமாம். “ஜனவரி முதல் வாரத்தில் இன்னும் இரண்டு காட்சி இருக்கிறது. ஆனால் அப்போது லியுகெத் வேறு ஆள். என் மைத்துனன்” என்றார். அந்த மைத்துனர் நடிப்பைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதிவரை வார இறுதிகளில் ஏதாவது ஓர் ஊரில் இந்த நாடகத்தைப் பிடித்துவிடலாம். டிக்கெட் ஊர் மன்றத்திலேயே கிடைக்கும், விலையும் அதிகமில்லை. மொழி தெரியாவிட்டால் பாட்டி ஒருவரின் பக்கத்து இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். முதல் ஐந்து வரிசைகள் வேண்டாம். கந்தக வாசனை என் கம்பளிச் சட்டையிலிருந்து இன்னும் போகவில்லை.