வடகக் கூழும் துத்தநாகத் தகடும்

குச்சிக்கிழங்கு (மரவள்ளி) அறுவடை தொடங்கிவிட்டால் ஆத்தூர்ப் பக்கத்து சேகோ, அதாவது ஜவ்வரிசி, ஆலைகளின் புளித்த வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்துவிடும். அங்கிருந்து ஒரு கிலோ கிழங்கு மாவை சேலத்து வீட்டுக்கு எடுத்துவந்தேன், பேட்டரி செய்வதற்காக.

பேட்டரித் தகட்டுக்குத் துத்தநாகம் மலிவானது. தண்ணீர்க் கரைசலிலேயே வேலை செய்வதால் தீப்பிடிக்கும் பயமில்லை. ஆனால் திரும்பத் திரும்ப சார்ஜ் செய்தால், கரைந்த துத்தநாகம் தகட்டில் சமமாகப் படியாமல் முள் முள்ளாக முளைக்கிறது. ஒரு முள் எதிர்த்தகட்டைத் தொட்டால் பேட்டரி போயிற்று. கரைசலில் மின்னூட்டத்தோடு திரியும் ஒவ்வொரு துத்தநாக அயனியும் சுமந்துவரும் ஆறு நீர் மூலக்கூறுகள் வேறு தகட்டை அரித்து ஹைட்ரஜன் குமிழிகளைக் கிளப்புகின்றன.

மாவின் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள் அந்தத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். பழைய டார்ச் செல்லில் துத்தநாகக் குவளையின் உட்புறம் பூசியிருந்ததும் மாவுக்கூழ்தான். ஆனால் அது ஒருமுறை தீர்ந்தால் எறிய வேண்டியது. 2022-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் லியாங்பிங் ஹூவின் குழு, நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானைக் கொண்டு செய்த துத்தநாக பேட்டரி, 1,000 சுற்றுகளுக்குப் பிறகும் 99.7 சதவீதச் செயல்திறன் காட்டியது. எங்களுக்குக் கடல் தூரம். கிழங்கு வாசலிலேயே இருக்கிறது.

முதலில் துத்தநாக சல்பேட் கரைசலிலேயே மாவைக் கரைத்துக் காய்ச்சினேன். எவ்வளவு கிண்டியும் வேகாமல் வெள்ளையாக அடியில் தங்கியது. அம்மா எட்டிப் பார்த்தார்.

"வடகத்துக்கு எடுத்த எடுப்பிலேயே உப்பைக் கொட்டுவார்களா, கண்ணு? கூழ் கண்ணாடியாகட்டும், பிறகு போடு."

அவர் சொன்னது சாதாரண உப்பை. ஆனால் சல்பேட் உப்புக்கு அது இன்னும் பொருந்தும். மாவு நீர் குடித்து ஊதுவதை சல்பேட் தடுக்கிறது. மறுநாள் வெறும் தண்ணீரில் காய்ச்சி, அம்மாவே பதம் சொல்ல, தட்டில் மெல்லியதாக ஊற்றி மாடி நிழலில் காயவைத்தேன். உரித்தெடுத்த ஏட்டைக் கரைசலில் ஊறப்போட்டுத் தகடுகளுக்கு நடுவே வைத்தேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஏடு இல்லாமல் வைத்த குவளையில் மூன்றாம் நாளே தகட்டின் விளிம்பில் பாசி பிடித்ததுபோல் கருமுளைகள். ஏடு வைத்ததில் சாம்பல் நிறப் படிவு, விரலால் தடவினால் வழவழப்பாக இருந்தது. இரண்டே குவளைகளை வைத்து எதையும் நிரூபித்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். ஆனாலும் அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போதைய தொல்லை சேலத்து வெயில். கரைசலுக்கு வெளியே நீட்டியிருக்கும் ஏட்டின் ஓரம் காய்ந்து வெடிக்கிறது. அடுத்த கூழில் கொஞ்சம் கிளிசரின் சேர்க்கப்போகிறேன். எவ்வளவு என்பதை இந்த முறையும் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் முடிவு செய்வேன்.