வேக்குவம் பிரேக்கருக்குள் ஒரு துகள்

கடலோர ஊரான மண்டபம் பக்கத்தில் துணைமின் நிலையப் பராமரிப்பு என்றாலே, பீங்கான் இன்சுலேட்டர்களில் வெள்ளையாகப் படியும் கடல் உப்பைத் துடைப்பதுதான் பெரும் வேலை. ஆனால் மின்சுற்றை வெற்றிடத்துக்குள் துண்டிக்கும் கருவியான வேக்குவம் பிரேக்கரின் மூடிய குடுவைக்குள் உப்பும் இல்லை, காற்றும் இல்லை. அங்கேயும் மின்முறிவு (திறந்த இடைவெளியைத் தாண்டி மின்சாரம் பாய்ந்துவிடுவது) நிகழ்வது ஏன் என்ற கேள்வி என்னை விடாமல் ஈர்க்கிறது.

சுற்றை இணைத்துப் பிரிக்கும், செம்பும் குரோமியமும் கலந்த தொடுமுனையில் தளர்வாக ஒட்டியிருக்கும் மைக்ரான் அளவுத் துகள் ஒன்று, உயர் மின்புலத்தில் மின்னூட்டம் பெற்றுப் பெயர்ந்து, தடுப்பதற்குக் காற்றே இல்லாத இடைவெளியில் முழு மின்னழுத்தத்தாலும் முடுக்கப்பட்டு எதிர்முனையில் மோதுகிறது. மோதிய இடத்தில் உலோகம் உருகி ஆவியாகிறது. அந்த ஆவியே அயனியாகி மின்வில்லுக்கு வழி திறந்துவிடுகிறது. துகள் மோதலின் ஆற்றலைக் கணக்கிட்டு, 1952-இல் லாரன்ஸ் கிரான்பெர்க் ஒரு விதியை வருவித்தார்: முறிவு மின்னழுத்தம் இடைவெளியின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே உயரும். இடைவெளியை நான்கு மடங்காக்கினாலும் தாங்குதிறன் இரு மடங்குதான் ஆகும் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. (மிகச் சிறிய இடைவெளிகளில் நுண்கூர்முனைகளின் எலக்ட்ரான் உமிழ்வே முந்திக்கொள்கிறது.)

இத்தகைய துகள்களைக் குறைக்க, குடுவைகளைத் தூய்மை அறையில் கோத்து, உயர் மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றிப் பதப்படுத்துகிறார்கள். ஆயினும் தொடுமுனைகள் மோதிப் பிரியும்போதெல்லாம் புதுத் துகள்கள் பிறக்கக்கூடும். ஆகவே வெளிப்புறத்தைத் துடைத்ததோடு பராமரிப்பு முடிந்தது என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை; திறந்த தொடுமுனைகளுக்கிடையே உயர் மின்னழுத்தச் சோதனையும் உரிய காலத்தில் நடந்தாக வேண்டும்.