வியட்நாம் போரின் திருப்புமுனைகள்: தேர்வுக்கு நான் படித்த விதம்

முதுகலை வரலாற்றுத் தேர்வுக்கு முதல் முறை படித்தபோது, வியட்நாம் போரை ஆண்டு வரிசையாக மனப்பாடம் செய்தேன். "திருப்புமுனைகளை ஆராய்க" என்ற வினாவுக்கு, பிரெஞ்சுப் படை தோற்ற தியன் பியன் பூ போர் தொடங்கி தென் வியட்நாமின் தலைநகர் சைகோனின் வீழ்ச்சி வரை அனைத்தையும் எழுதியும் பாதி மதிப்பெண்கூடக் கிடைக்கவில்லை. நடந்தவற்றைச் சொல்லியிருந்தேனே தவிர, போரின் போக்கு எங்கே, எதனால் மாறியது என்பதைச் சொல்லவில்லை.

அடுத்த முறை, ஒவ்வொரு நிகழ்வுக்கும் முன்னர் யாருக்கு எந்த வழி திறந்திருந்தது, பின்னர் எது அடைபட்டது என்று கேட்டுக்கொண்டே படித்தேன். 1954 ஜெனீவா உடன்படிக்கையில் நாட்டை வடக்கு, தெற்கு எனப் பிரித்த 17ஆவது இணைகோடு தற்காலிகக் கோடாகவே இருந்தது. நாட்டை ஒன்றிணைக்க 1956இல் நடக்கவேண்டிய தேர்தலை அமெரிக்க ஆதரவுடன் தென் வியட்நாமின் தியெம் மறுத்ததும், வாக்குப்பெட்டியின் வழி அடைபட்டது. உடன்படிக்கையைக் கண்காணித்த பன்னாட்டு ஆணையத்துக்கு இந்தியாவே தலைமை வகித்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1964 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் டோங்கின் வளைகுடாத் தீர்மானம், படையைப் பயன்படுத்த அதிபர் ஜான்சனுக்கு அதிகாரம் அளித்தது என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். 1965 மார்ச் 8 அன்று தென் வியட்நாமின் டா நாங்கில் அமெரிக்கத் தரைப்படை இறங்கியதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். அதுவரை அனுப்பியிருந்த இராணுவ ஆலோசகர்களைத் திரும்ப அழைப்பது போல, களத்தில் இறங்கிய படையை எளிதில் அழைத்துக்கொள்ள முடியாது.

வியட்நாமியப் புத்தாண்டான டெட் நாளையொட்டி வட வியட்நாம் தரப்பு தொடுத்த டெட் தாக்குதலுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். 1968 ஜனவரி இறுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் தாக்கப்பட்டன; சைகோனின் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளும் தெற்கின் கம்யூனிசக் கெரில்லாக்களான வியட்காங் வீரர்கள் நுழைந்தனர். எதிர்பார்த்த மக்கள் எழுச்சி நிகழவில்லை, தாக்கியவர்களுக்கே பேரிழப்பு ஏற்பட்டது. இதை வட வியட்நாமின் போர்க்கள வெற்றி என்று எழுதியதுதான் நான் முதல் முறை செய்த பெரும்பிழை. போரின் முடிவு கண்ணுக்குத் தெரிகிறது என்று 1967 நவம்பரில் அமெரிக்கத் தளபதி வெஸ்ட்மோர்லண்ட் அளித்திருந்த நம்பிக்கை அமெரிக்க மக்களிடையே நொறுங்கியதும், மார்ச் 31 அன்று வடக்கின் பெரும்பகுதியில் குண்டுவீச்சை நிறுத்துவதாகவும் மீண்டும் போட்டியிடப்போவதில்லை என்றும் ஜான்சன் அறிவித்ததுமே அதைத் திருப்புமுனையாக்கின. அமெரிக்கப் படை எண்ணிக்கை 1969இல்தான் 5,40,000ஐத் தாண்டி உச்சம் தொட்டது. ஆகவே மாறியது படையின் அளவு அல்ல, வென்றுவிடலாம் என்ற துணிவு என்று விளக்குங்கள்.

1973 ஜனவரியின் பாரிஸ் உடன்படிக்கை அமெரிக்கப் படையை வெளியேறச் செய்தது. தெற்கில் இருந்த வட வியட்நாம் படையை அகற்றவில்லை. இதைச் சரியாக எழுதிவிட்டால், 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்ததைத் தனித் திருப்புமுனையாக நீட்டத் தேவையில்லை. இரண்டாம் முறை அதற்கு நான் ஒரே ஒரு வாக்கியம்தான் கொடுத்தேன்.