ஓர் ஓவியரைத் தேடி நான்கு ஊர்கள்

எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அக்காவும் முதல்முறை இத்தாலி போனபோது ரோம், புளோரன்ஸ், வெனிஸ் மூன்றையும் ஒரே வாரத்தில் சுற்றி முடித்தோம். புளோரன்ஸின் உஃபிஸி அருங்காட்சியகத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்துகொண்டிருந்தபோது, ஓர் ஓவியத்தின் முன் அக்கா அப்படியே நின்றுவிட்டாள். பக்கவாட்டில் பார்க்கும் ஒரு பிரபுவின் முகம். மூக்கின் மேல்பகுதியில் ஒரு துண்டு வெட்டி எடுத்த மாதிரி பள்ளம். உர்பினோவை ஆண்ட ஃபெடெரிகோ டா மோன்டெஃபெல்ட்ரோ அவர். ஈட்டிப் போட்டியில் வலது கண் போய்விட்டதால் இடது பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி வரைந்திருக்கிறார் பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியர் பியெரோ டெல்லா ஃபிரான்செஸ்கா.

“இவர் வரைஞ்ச மத்ததெல்லாம் எங்கடி இருக்கு?” என்று கேட்டாள் அக்கா. பதில் தெரிய எனக்குப் பல வருஷம் ஆனது. முக்கியமானவற்றில் பல, அவர் பிறந்த மண்ணைச் சுற்றி நான்கு சின்ன ஊர்களிலேயே இருக்கின்றன: அரெஸ்ஸோ, மோன்டெர்கி, சான்செபோல்க்ரோ, உர்பினோ. இந்த ஏப்ரலில் அந்த நான்கையும் ஆறு நாளில் பார்த்துவிட்டு வந்தோம். ஒன்பது பேர், ஒரு வேன், ஒரு வழிகாட்டி. கலை வரலாறு படித்தவர், அரெஸ்ஸோக்காரர். பெரிய குழுவோடு போயிருந்தால் இந்தப் பயணத்தில் பாதிகூடக் கிடைத்திருக்காது.

அரெஸ்ஸோவின் சான் ஃபிரான்செஸ்கோ தேவாலயத்தில் பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கிறது பாச்சி சிற்றாலயம். அதன் சுவர்களில் இயேசுவை அறைந்த சிலுவை மரத்தின் கதையை வரையும் வேலையை முதலில் வேறொருவர் எடுத்திருந்தார். அவர் 1452-ல் இறந்துபோக, வேலை பியெரோவிடம் வந்தது. 1466-க்குள் முடித்துவிட்டார். உள்ளே ஒரு நேரத்தில் கொஞ்சம் பேரைத்தான் விடுகிறார்கள், அதுவும் அரைமணி நேரம்தான். எங்கள் வழிகாட்டி அதில் முதல் பத்து நிமிஷம் வாயே திறக்கவில்லை. “முதல்ல பாருங்க, அப்புறம் சொல்றேன்” என்பதுதான் அவர் வழி. நாள் போகப் போக அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே நான் காத்திருக்க ஆரம்பித்தேன்.

நான் ஜன்னலுக்கு வலது பக்கம் கீழே இருந்த ஓவியத்தை விட்டு நகரவில்லை. போருக்கு முந்தைய இரவு, கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி கூடாரத்துக்குள் தூங்குகிறார். வாசலில் இரண்டு காவலர்கள். மேலே இடது மூலையிலிருந்து தேவதூதன் பாய்ந்து வருகிறான். அவனிடமிருந்து வரும் வெளிச்சம் கூடாரத் துணியிலும் ஒரு காவலனின் முதுகிலும் விழுகிறது. கட்டில் ஓரத்தில் ஒரு பணியாள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான். ராஜாவுக்கு வரும் கனவு அவனுக்குத் தெரியாது, தூக்கக் கலக்கத்தோடு நம்மைப் பார்க்கிறான். இருட்டை இப்படி வரைந்தவர்கள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு.

கதை வரிசையாக ஓடவில்லை என்பதை வழிகாட்டி சொன்ன பிறகுதான் கவனித்தேன். எதிரெதிர்ச் சுவர்களில் காட்சிகளை ஜோடி ஜோடியாக வைத்திருக்கிறார் பியெரோ: கீழ்வரிசையில் போருக்கு எதிரே போர். நடுவரிசையில் ஒரு பக்கம் பின்னாளில் சிலுவையாகப் போகும் மரத்தின் முன் மண்டியிடும் ஷீபா ராணி, மறுபக்கம் சிலுவையைத் தோண்டி எடுக்கும் ஹெலெனா ராணி, கான்ஸ்டன்டைனின் அம்மா. அந்த ஹெலெனா காட்சியில் தூரத்தில் ஜெருசலேம் நகரம் தெரிகிறது. மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் வீடுகள், கோபுரங்கள். “அது எந்த ஊர்னு தெரியுதா?” என்று கேட்டார் வழிகாட்டி. அரெஸ்ஸோதான். தன் கண்ணுக்குப் பழகிய ஊரையே ஜெருசலேம் என்று வரைந்துவிட்டார் பியெரோ. வெளியே வந்து மேட்டுத் தெருவில் ஏறும்போது, அந்தச் சுவருக்குள்ளேயே இன்னும் நடந்துகொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

மேலே கதீட்ரலில் அவர் வரைந்த மகதலேனா மரியாள் இருக்கிறாள். கதவோரத்துச் சுவரில், பெரிய கல்லறைச் சின்னம் ஒன்றின் பக்கத்தில் இருப்பதால் பலர் பார்க்காமலே போகிறார்கள். பக்கத்தில் போய்ப் பாருங்கள்: குளித்த ஈரம் காயாத கூந்தல் தோளில் இழை இழையாக ஒட்டிக் கிடக்கும். கையில் இருக்கும் கண்ணாடிக் குடுவைக்குள் வெளிச்சம் தேங்கி நிற்கும்.

இசை எழுத்து முறைக்கு அடிப்படை போட்ட குய்தோ என்ற துறவிக்கும் இந்த ஊரில் சிலை இருக்கிறது. உத், ரே, மி, ஃபா என்று சுரங்களுக்குப் பெயர் வைத்தவர். சரிகம பாடி வளர்ந்த அக்கா அங்கே ஒரு கும்பிடு போட்டாள். சாப்பாட்டில் ஒரு விஷயம் மட்டும்: அரெஸ்ஸோ இருக்கும் டஸ்கனி மாநிலத்து ரொட்டியில் உப்பே கிடையாது. அதையே காய்கறிகளோடு வேகவைத்து ரிபொல்லித்தா என்று கெட்டியான சூப்பாகத் தந்தபோது, நாங்கள் இருவரும் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் மோன்டெர்கி. சின்னஞ்சிறிய மலையூர். பழைய பள்ளிக்கூடம் ஒன்று இப்போது அருங்காட்சியகம், அதில் இருப்பது ஒரே ஓவியம்: நிறைமாத கர்ப்பிணியாக இயேசுவின் தாய் மரியாள். இது முதலில் ஊருக்கு வெளியே ஒரு கோயில் சுவரில் இருந்தது. 1911-ல் சுவரிலிருந்து பெயர்த்தார்கள், 1917 நிலநடுக்கத்துக்கும் தப்பியது. பியெரோவின் அம்மாவின் ஊர் இது என்று சொல்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் வரைய வேண்டும் என்பதால், ஒரு நாளைக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் பூசுவார்கள். அந்த இணைப்புகளை எண்ணிப் பார்த்து, ஏழே நாள் வேலை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இரண்டு தேவதூதர்கள் இரு பக்கமும் கூடாரத்தின் திரையை விலக்குகிறார்கள். ஒரே வரைபடத்தைத் திருப்பிப் போட்டு வரைந்த உருவங்கள். ஒருவர் அங்கியின் நிறம் மற்றவரின் காலுறையில். நடுவில் மரியாள் நிற்கிறாள். ஒரு கை இடுப்பில். இன்னொரு கை, நீல உடை விலகி வெள்ளை தெரிகிற இடத்தில், வயிற்றின் மேல். களைப்பும் பெருமிதமும் கலந்த முகம். “வளைகாப்புக்கு மணையில உட்காரப் போற பொண்ணு மாதிரி இருக்காளேடி” என்றாள் அக்கா.

நாங்கள் இருக்கும்போதே உண்மையான ஒரு கர்ப்பிணிப் பெண் தன் அம்மாவோடு உள்ளே வந்தாள். கர்ப்பிணிகளுக்கு இங்கே கட்டணம் கிடையாது. யாரும் சொல்லாமலே நாங்கள் ஒன்பது பேரும் ஒதுங்கிச் சுவரோரம் நின்றோம். அவள் ஓவியத்தின் முன் போய் நின்றாள். அவள் கையும் அதே இடத்துக்குத்தான் போனது. 1950-களில் கண்காட்சி ஒன்றுக்காக இந்த ஓவியத்தைக் கேட்டபோது ஊரார் அனுப்ப மறுத்துவிட்டார்கள் என்று பிறகு வழிகாட்டி சொன்னார். அதைக் கேட்டு எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

சான்செபோல்க்ரோ பியெரோ பிறந்த ஊர். 1492 அக்டோபர் 12-ல், கொலம்பஸ் கரை கண்ட அதே நாளில், இறந்ததும் இங்கேதான். ஒரு காலத்தில் ஊர்ச்சபை கூடிய கட்டடத்துச் சுவரில் உயிர்த்தெழும் கிறிஸ்துவை வரைந்திருக்கிறார். கல்லறை விளிம்பில் ஒரு காலை ஊன்றி எழும் அவர் கண்கள் நேராக நம்மைத் துளைக்கின்றன. கீழே வீரர்கள் அசந்து தூங்குகிறார்கள். தலையைப் பின்னால் சாய்த்திருப்பவர் பியெரோவேதான் என்பார்கள். இடது பக்கத்து மரங்கள் மொட்டையாக நிற்க, வலது பக்கத்து மரங்கள் துளிர்த்திருக்கின்றன.

இரண்டாம் உலகப் போரில், 1944-ல், இந்த ஊரைக் குண்டு வீசித் தகர்க்க வந்த பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி டோனி கிளார்க், இங்கே உலகின் தலைசிறந்த ஓவியம் இருப்பதாக எப்போதோ படித்தது நினைவுக்கு வந்து, சுடுவதை நிறுத்திவிட்டார். அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. அந்தக் கோடையில் டைபர் ஆற்றின் இதே மேல் பள்ளத்தாக்கில் இந்தியப் படைகளும் சண்டையிட்டன. மராட்டிய வீரர் யஷ்வந்த் காட்கே ஜூலை 10-ல் உயிரைக் கொடுத்து, பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றது இங்கேதான். அரெஸ்ஸோ போர் இடுகாட்டில் நூற்றுக்கணக்கான இந்தியர்களுக்குக் கல்லறைகள் உண்டு. கேட்டதும் வேனை அங்கே திருப்பினார்கள். எங்களோடு வந்தவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

உர்பினோவுக்கு 1,049 மீட்டர் உயரத்தில் போக்கா டிராபாரியா கணவாயைத் தாண்ட வேண்டும். வளைவுக்கு மேல் வளைவு. புளிப்பு மிட்டாய் கட்டாயம். கோட்டை போன்ற அரண்மனைக்குள் ஃபெடெரிகோவின் படிப்பறை: பாதி திறந்த அலமாரிகள், இசைக்கருவிகள், ஓர் அணில், எல்லாமே தட்டையான பலகையில் மரத்துண்டுகளைப் பதித்துச் செய்தவை. அப்புறம் அங்கே பியெரோவின் சாட்டையடி ஓவியம். அகலம் வெறும் 81 சென்டிமீட்டர். பின்னால் கிறிஸ்துவை அடிக்கிறார்கள். முன்னால் மூன்று பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நிற்கிறார்கள். அவர்கள் யார் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

பக்கத்திலேயே ‘செனிகாலியா மரியாள்’ என்ற அவருடைய இன்னொரு ஓவியம். 1975-ல் இந்த இரண்டையும் ரஃபேலின் ஓவியம் ஒன்றையும் திருடிக்கொண்டு போனார்கள். மறு வருஷம் சுவிட்சர்லாந்தில் கிடைத்தன. மரியாளின் பின்னால் திறந்திருக்கும் அறை ஜன்னல் வழியே ஒரு வெயில் கீற்று. குனிந்து பார்த்தால் அந்தக் கீற்றில் தூசி மிதப்பது தெரியும். அக்கா அதை எனக்குக் காட்டிவிட்டு, குழுவில் இருந்த ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினாள்.

போக நினைப்பவர்கள் பாச்சி சிற்றாலயத்துக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். சின்ன பைனாகுலர் ஒன்று எடுத்துப் போங்கள். நடுவரிசை உயரத்தில் இருக்கிறது. ஜெருசலேமின் ஒவ்வொரு வீட்டு ஜன்னலும் அப்போதுதான் தெரியும்.