ஆயாவின் அறைக்கு ஒரு குழாய்

ஓசூரை அடுத்த தளிப் பக்கத்து மார்கழி இரவை கிழக்கே சமவெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சும்மாவா இந்த ஊரைக் குட்டி இங்கிலாந்து என்றார்கள்! எங்களுடையது ஓட்டு வீடு. ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, குளிர் இறங்கினால் முட்டியை மடக்க முடியாது. முன்பெல்லாம் அவர் அறையில் குமுட்டி அடுப்பில் கரி மூட்டி வைப்போம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலை தலை சுற்றி, வாந்தி எடுத்துக் கிடந்தார். மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாடையே கிடையாது. திண்ணைக்குத் தூக்கிவந்த பிறகுதான் தெளிந்தார். அன்றோடு கரியை நிறுத்தினோம்.

பக்கத்து அறையில் என் கம்ப்யூட்டர் இரவெல்லாம் ஓடும். கட்டடங்களுக்கு முப்பரிமாணப் படம் செய்வது என் தொழில். ராத்திரி ரெண்டருக்குப் போட்டுவிடுவேன், அதாவது வரைந்த மாதிரியைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு முழுப் படமாக்கும் வேலை. பிளக்கில் மீட்டர் மாட்டிப் பார்த்தேன்: 450 வாட். கம்ப்யூட்டர் பாரம் தூக்குவதில்லை, தண்ணீர் இறைப்பதில்லை. இழுக்கிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் முடிகிறது. அந்தச் சூட்டை நான் ஜன்னல் வழியே வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆயா நடுங்கிக்கொண்டு படுத்திருந்தார். இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

பெட்டியையே அங்கே வைத்தால் இரைச்சலில் தூங்க முடியாது. அதனால் சுவரில் துளை போட்டு 4 அங்குல பிவிசி குழாய், அதற்குள் ஒரு சின்ன விசிறி. குழாயைப் பெட்டியின் முதுகோடு ஒட்டி மாட்டிவிடாதீர்கள், காற்று அடைபட்டு உள்ளே சூடேறும். நாலு விரல் இடைவெளி வேண்டும். முதல் வாரம் ஒரு டிகிரிதான் ஏறியது. மீதிச் சூடு ஓட்டிடுக்கில் போய்விட்டது. ஓட்டுக்குக் கீழே தார்ப்பாய் கட்டி, மேலே பழைய கோணிச் சாக்கு பரப்பினோம். விடியற்காலையில் 17 டிகிரி காட்டும் அறை 21 காட்டியது.

சூட்டுக்காகவே யாரும் கம்ப்யூட்டர் ஓட்ட வேண்டாம். அது சாதா ஹீட்டருக்குச் சமம்தான். எப்படியும் ஓடுகிற இயந்திரமென்றால் மட்டும் செய்யுங்கள். பாரிஸில் 2024 ஒலிம்பிக்குக்குக் கட்டிய நீச்சல் அரங்கின் தண்ணீருக்கு, பக்கத்தில் ஏராளமான கம்ப்யூட்டர்கள் ஓடும் தரவு மையத்தின் சூடு இப்படித்தான் போகிறது.

போன வாரம் ரெண்டர் இரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. நாலு மணிக்கு ஆயா சுவரைத் தட்டினார்: "பொட்டி நின்னுபோச்சா கண்ணு?" இப்போதெல்லாம் பெரிய வேலையைக் கடைசியில் வரிசை வைக்கிறேன், ஏழு மணி வெயில் வரும்வரை ஓடும்படி.