ஈரக் காலுறையோடு உட்கார்ந்திருக்கும் மரியான்

‘அக்கா பொறுப்பானவள், தங்கை அடங்காதவள்.’ ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ (1811) பற்றிப் பேச உட்கார்ந்தாலே இந்தத் தீர்ப்பு வந்து விழுந்துவிடும். குன்னூர், கோத்தகிரி பக்கம் வாசிப்புக் கூட்டத்துக்கு இந்த நாவலை எடுப்பவர்கள், தீர்ப்பை ஓரமாக வைத்துவிட்டு தங்கை மரியானின் உடம்பைப் பின்தொடர்ந்து பாருங்கள். எப்போது தூங்குகிறாள், சாப்பிடுகிறாளா, எங்கே நடக்கிறாள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே போனால் போதும்.

16ஆம் அத்தியாயம். காதலன் வில்லபி கிளம்பிப் போன முதல் ராத்திரி தூங்கிவிட்டால் அது மன்னிக்க முடியாத குற்றம் என்று நினைக்கிற பெண் அவள். துக்கத்தைத் தானே ஊதி வளர்க்கிறாள். ஆசிரியருக்கும் இங்கே லேசான கேலி உண்டு. 29க்கு வந்தால் லண்டன், ஜனவரிக் குளிர், இன்னும் விடியவில்லை. அரைகுறை உடையில் ஜன்னலோரம் மண்டியிட்டு, கிடைத்த துளி வெளிச்சத்தில், கண்ணீர் இடம்கொடுத்த வேகத்தில் வில்லபிக்குக் கடிதம் எழுதுகிறாள். கேலி போய்விட்டது. இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். விரும்பி ஏற்ற துக்கம் எப்போது அவள் கையை மீறியது என்று காதுக்கே பிடிபடும். (மூன்று தொகுதிப் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு 29 என்பது இரண்டாம் தொகுதி, 7ஆம் அத்தியாயம்.)

42தான் மையம். புல் உயரமாகவும் ஈரமாகவும் இருக்கிற இடமாகத் தேடி அந்தியில் நடக்கிறாள், திரும்பி வந்து நனைந்த செருப்பையும் காலுறையையும் கழற்றாமலே உட்கார்ந்திருக்கிறாள். உயிருக்கே ஆபத்தான காய்ச்சல் இப்படித்தான் தொடங்குகிறது. ஐப்பசி மழையில் தேயிலைக் காட்டிலிருந்து வீடு திரும்புகிறவர்களுக்கு அந்த ஒரு வரி போதும், அவள் நிலை விளங்க. செத்திருந்தால் அது தற்கொலையாகத்தான் இருந்திருக்கும் என்று 46இல் அவளே அக்காவிடம் சொல்கிறாள். ‘காதல் தோல்வியால் காய்ச்சல்’ என்று சுருக்கிவிட்டால் இந்த வாக்குமூலம் கைநழுவிப் போகும்.

பணக் கணக்கையும் விடாதீர்கள். தாயும் மூன்று பெண்களும் வாழ்வது வருஷத்துக்கு 500 பவுண்டில். மரியானை விட்டுவிட்டு வில்லபி கட்டிக்கொள்வது 50,000 பவுண்டுக்காரியை.

நோட்டில் அக்கா எலினாருக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். பெரும்பாலும் அவள் கண் வழியாகத்தான் மரியானைப் பார்க்கிறோம். அவள் கவலையை ஆசிரியரின் கண்டனமாக எடுத்துக்கொள்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அவளும் தன் காதல் உடைந்ததை நான்கு மாதம் தங்கையிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தவள். அந்த நான்கு மாதமும் அவள் வந்தவர்களோடு பேசி, தங்கையைக் கவனித்துக்கொண்டிருந்தாள். மரியானுக்கு ஒன்றுமே தெரியவில்லை.