கேட்டுச் சொல்லுங்கண்ணே

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல் என் ஸ்டுடியோவில் காசு வாங்கும் வேலை கிடையாது. மதுரை பழங்காநத்தத்தில் ஒரு வீட்டு மாடியில் 10 அடிக்கு 12 அடி அறை. வாரம் முழுக்க அங்கே முளைப்பாரிப் பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம், கல்யாண வீடியோவுக்கு ஒலி சேர்ப்பது என்று ஓடிக்கொண்டிருக்கும். ஞாயிறு சாயங்காலம் மட்டும் பிள்ளைகளுக்கு. லேப்டாப்பில் எஃப்.எல். ஸ்டுடியோ என்கிற இசை மென்பொருளை வைத்துக்கொண்டு வீட்டு மூலையில் உட்கார்ந்து எலெக்ட்ரானிக் இசை செய்கிறவர்கள். ஒருவர் பாலிடெக்னிக் படிக்கிறார், இன்னொருவர் மாட்டுத்தாவணிப் பக்கம் செல்போன் கடையில் வேலை பார்க்கிறார், மேலூரிலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வருகிறாள். பென் டிரைவை நீட்டிவிட்டு எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கண்ணே."

பாட்டு ஓடும்போது அவர்கள் ஸ்பீக்கரைப் பார்ப்பதில்லை. என் முகத்தைப் பார்ப்பார்கள். என் புருவம் லேசாகச் சுருங்கினால் போதும், "அந்த இடம் இன்னும் சரி பண்ணலண்ணே" என்று பாட்டுக்கு நடுவிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். கொசு கடித்துப் புருவம் சுருங்கியிருக்கும்; அதற்கும் ஒரு மன்னிப்பு வரும். அதனால் முதல் தடவை கேட்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன். நடுவில் நிறுத்துவதில்லை. கடைசி ரிவெர்ப், அந்த எதிரொலி, அடங்கும் வரை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். திறந்ததும் முதலில் ஒரு கேள்வி: "இதுல எது கேக்கணும்னு நெனச்சு பண்ணின?"

இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப முக்கியம். ஒரு பையன் கொண்டுவந்த ட்ராக்கில் இரண்டாவது நிமிஷத்தில் மேலே ஒரு இரைச்சல் பரவிக்கொண்டே போனது. ஷோ ஷோவென்று ஹை-ஹாட்டை, டிரம்ஸில் 'டிஸ் டிஸ்' என்று விழும் அந்தத் தட்டுச் சத்தத்தை, மூடிவிட்டது. "வெட்டு" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்டபோது சொன்னான்: "வெயில் காஞ்சுக்கிட்டே இருந்து திடீர்னு மழ எறங்குமுல்ல, அதுண்ணே." சித்திரை மாதத்தில் மதுரையில் இருந்தவனுக்கு அந்த ஆசை புரியும். அந்த இரைச்சல்தான் பாட்டு. ஹை-ஹாட்தான் ஒதுங்கி நிற்கவேண்டும். கேட்காமல் சொல்லியிருந்தால் அவனுடைய மழையை நானே துடைத்துவிட்டிருப்பேன்.

வருகிற ட்ராக்குகளில் பெரும்பாலானவற்றில் ஒரே சண்டைதான். தாளத்தில் 'தும்' என்று விழும் கிக்கும், கீழ்ச்சுரத்தில் ஓடும் பேஸும். கிக்கின் அடி 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது விநாடிக்கு 50, 60 அதிர்வில், உட்கார்ந்திருக்கும். பேஸ் 'ஏ' சுரத்தில் போனால் அதுவும் 55 ஹெர்ட்ஸ். ஹெட்போனில் கேட்கும்போது கனமாக, சுகமாக இருக்கும். பெரிய ஸ்பீக்கரில் போட்டால் ஒரே உருமல். அடி எது, சுரம் எது என்று தெரியாது. இதை ஹெர்ட்ஸ் கணக்கில் சொன்னால் தலையை ஆட்டுவார்கள், உள்ளே போகாது. தவிலைச் சொன்னால் உடனே போகும். தொப்பிப் பக்கம் குச்சியில் விழும் கனத்த அடிக்கு ஒரு இடம். வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் பேசுவதற்கு வேறொரு இடம். இரண்டும் சேர்ந்தே விழுந்தாலும் காது இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது. "உன் கிக்குக்கும் பேஸுக்கும் அப்படி ஆளுக்கொரு எடம் குடு." அப்புறம் சைடுசெயின் போட்டுக் காட்டுவேன். கிக் விழும் அந்தக் கண நேரம் மட்டும் பேஸ் தலையைக் குனிந்து வழிவிட்டு மறுபடி நிமிரும். போட்டும் எடுத்தும் நாலு தடவை கேட்கவைத்தால் போதும், விளக்கமே வேண்டாம்.

காட்டும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருப்பேன். மாற்றியதையும் மாற்றாததையும் ஒரே சத்தத்தில் வைத்துத்தான் ஒப்பிடவேண்டும். ஒன்று ஒரு டெசிபல் கூட இருந்தாலே காது அதன் பக்கம் சாய்ந்துவிடும். சத்தத்தைக் கூட்டிவைத்து "பார், நான் தொட்டதும் எப்படி ஆயிருச்சு" என்று காட்டுவது ஏமாற்று வேலை. சின்னப் பிள்ளைகளிடம் அதைச் செய்யவே கூடாது.

மேலூர்ப் பெண்ணின் ட்ராக்கில் பிரச்சினை வேறு. பேஸ்தான் அதில் ராகமே பாடியது. மேல் மடங்குகள் எதுவும் கலக்காத வெறும் சைன் அலை, 41 ஹெர்ட்ஸிலிருந்து ஏறி இறங்கும். என் ஸ்பீக்கரில் அருமையாக இருந்தது. ஆனால் அவளுடைய அம்மாச்சி போனில் கேட்டுவிட்டு, "கொட்டு மட்டுந்தான் கேக்குது, பாட்டு எங்கடி?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. போனில் இருக்கும் பொட்டு ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. பேஸில் கொஞ்சம் சாச்சுரேஷன், ஒரு லேசான கரகரப்பு, சேர்த்தோம். அப்படிச் செய்தால் 41-க்கு மேலே 82, 123 என்று அதன் மடங்குகள் வரிசையாகப் பிறக்கும். போனுக்கு எட்டும் உயரத்தில் இருக்கிற மடங்குகளை வைத்தே காது அடிச் சுரத்தைத் தானாக ஊகித்துக்கொள்ளும். நமக்குள்ளே இப்படி ஒரு வேலை நடக்கிறது என்று தெரிந்தபோது அவள் முகத்தில் வந்த ஆச்சரியத்தைப் பார்க்கவேண்டும். அடுத்த வாரம் வந்து, "அம்மாச்சிக்குக் கேட்டுருச்சுண்ணே" என்றாள்.

நான் தவறாகச் சொன்னதும் உண்டு. அதையும் எழுதவேண்டும்.

அறை அமைத்த புதிது. 10 அடி நீளவாக்கில் மேஜையைப் போட்டு, பின்சுவரில் தலை படாத குறையாக உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் கொண்டுவந்த ட்ராக் முழுக்க 'ஏ' சுரத்தில். கேட்டதும், "பேஸ் ரொம்ப ஜாஸ்தி தம்பி, 5 டெசிபல் கொற" என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். அவன் மறுபேச்சு பேசவில்லை. குறைத்துக் கொண்டுபோய், தன் கல்லூரி விழாவில் பெரிய பாக்ஸ்களில் போட்டிருக்கிறான். திரும்பி வந்தபோது என்மேல் குறையே சொல்லவில்லை. "பாக்ஸ்ல அடி எந்திரிக்கலண்ணே. பசங்க ஆடல" என்று மட்டும் சொன்னான்.

அன்று ராத்திரி ஸ்பீக்கரில் 55 ஹெர்ட்ஸ் சைன் அலையை விடாமல் ஓடவிட்டு அறைக்குள் நடந்து பார்த்தேன். என் நாற்காலி இருந்த சுவரோரம் காது அடைக்கிற அளவுக்குச் சத்தம். மூன்று அடி முன்னால் வந்தால் பாதிகூட இல்லை. அறையின் நடுவில் நின்றால் அலையே காணோம். கணக்கு எளிது. நம்மூர் வெயிலில் ஒலி விநாடிக்கு 350 மீட்டர் ஓடும். 10 அடி என்பது சுமார் 3 மீட்டர். அந்த இரண்டு சுவர்களுக்கு நடுவே அரை அலை கச்சிதமாகப் பொருந்துவது 57 ஹெர்ட்ஸில். அவனுடைய சுரம் அதற்குப் பக்கத்து வீடு. ஜாஸ்தியாக இருந்தது என் சுவரில். வெட்டியது அவன் பாட்டில்.

அவனை அழைத்து, ஓடுகிற அந்த அலைக்குள் அவனையும் நடக்கவைத்து, "தப்பு என் அறையிலப்பா, உன் மிக்ஸ்ல இல்ல" என்று சொன்னேன். மேஜையை 12 அடி வாக்கில் திருப்பி, நாற்காலியைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, மூலைகளில் தடித்த பஞ்சுப் பலகைகளை நிறுத்தினேன். அதற்கப்புறம் பேஸைப் பற்றி எதைச் சொன்னாலும் "இந்த ரூம்ல, இந்தச் சேர்ல எனக்கு இப்படிக் கேக்குது" என்று சேர்த்துச் சொல்லாமல் இருப்பதில்லை. வேறு மூன்று இடத்தில் கேட்டுவிட்டு வரச் சொல்வேன். போன், யாராவது ஒருவர் கார், அப்புறம் ஷேர் ஆட்டோ. இங்கே ஷேர் ஆட்டோக்களில் பின்சீட்டுக்குப் பின்னால் பாக்ஸ் வைத்திருப்பார்கள். டிரைவரிடம் கேட்டால் பென் டிரைவை வாங்கிச் சொருகிவிடுவார். பெரியார் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேருவதற்குள், இன்ஜின் சத்தத்தையும் ஹார்னையும் தாண்டி லீடு, முன்னால் நின்று மெட்டு வாசிக்கும் அந்தச் சத்தம், கேட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

சத்தத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சத்தத்தை ஒரே உயரத்துக்கு அழுத்தித் தூக்கும் லிமிட்டரைப் போட்டுக் கரும்பைப் பிழிகிற மாதிரி பிழிந்து கொண்டுவருவார்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் மைனஸ் 14 லஃப்ஸ் என்கிற சத்த அளவுக்கு எல்லாவற்றையும் இறக்கிவிடும். பிழிந்தது சக்கையாக நிற்கும் என்று ஒருமுறை போட்டுக் காட்டினால் முடிந்தது.

எந்தச் சொல்லில் சொல்கிறோம் என்பதற்குத்தான் நேரம் எடுக்கும். "டப்பா மாதிரி இருக்கு", "மண்ணா இருக்கு" என்று சொன்னால் கேட்கிறவன் என்ன செய்வான்? "1 நிமிஷம் 12 விநாடியில லீடு உள்ள வருது, அந்த எடத்துல கைதட்டு காணாமப் போகுது" என்று சொன்னால் வீட்டுக்குப் போய் அந்த இடத்தைத் திறப்பான். ஒரு உட்காருதலில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எனக்குக் கேட்டவை பதினைந்து இருக்கலாம். மீதியை நோட்டில் குறித்துவைத்துக்கொள்வேன். பெரும்பாலும் அந்த முதல் ஒன்றைச் சரிசெய்ததும் நாலைந்து தானாகவே போய்விடும். எனக்கு இருபத்திரண்டு வயதில், நான் செய்த முதல் மிக்ஸை ஒரு மூத்த இன்ஜினியரிடம் போட்டுக் காட்டினேன். பத்து விநாடி கேட்டார். நிறுத்தினார். "இதெல்லாம் ஒரு மிக்ஸாப்பா?" என்றுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எது தப்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏழெட்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காததற்கு அந்தப் பத்து விநாடிதான் காரணம்.

போன வருஷம் ஆடி மாதம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். அவன் சித்தப்பா உறுமி வாசிக்கிறவர். அவர் வாசித்ததை போனில் பதிவுசெய்து, அதை நறுக்கி, மேலே சின்த், அதாவது எலெக்ட்ரானிக் வாத்தியச் சத்தம், எல்லாம் அடுக்கி ஒரு ட்ராக் செய்திருந்தான். கேட்ட உடனேயே பிடித்துவிட்டது. குறை என்று பார்த்தால் 200-லிருந்து 400 ஹெர்ட்ஸ் வரை நெரிசல். உறுமி, பின்னால் நீளமாகப் பரவி நிற்கும் பேட், பேஸின் மேல்பகுதி எல்லாம் அங்கேதான் கூடி நின்றன. பழக்கமான கை. உறுமிக்கு 200-க்குக் கீழே வெட்டு, 300-ல் 5 டெசிபல் குறை என்று சொன்னேன். செய்தான். ட்ராக் பளிச்சென்று தெளிந்தது. இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு சித்தப்பாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அன்று ராத்திரி ஏதோ ஒரு ஊர்ப் பொங்கலுக்கு வாசிக்கப் போகிறவர். துணிப்பையில் உறுமியோடு வந்து, ஸ்டுடியோ வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உட்காரச் சொல்லிப் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் பையனைப் பார்த்துச் சொன்னார்:

"நல்லாத்தான்டா இருக்கு. ஆனா அது அழலையே."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "எப்படிங்கய்யா?" என்றேன். அவர் பேசாமல் பையைத் திறந்து உறுமியை எடுத்துத் தோளில் மாட்டினார். வளைந்த குச்சியை இடது பக்கத் தோலில் அழுத்தித் தேய்த்தார். அந்தச் சின்ன அறையில் அந்தச் சத்தம் வயிற்றுக்குள் இறங்கிவிட்டுத்தான் காதுக்கு வந்தது. அடியிலிருந்து முனகிக்கொண்டு மேலே ஏறி, நடுவில் தொண்டை அடைத்து, மறுபடி கீழே விழுந்தது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற மாதிரி. அதற்கப்புறம் ட்ராக்கைப் போட்டால், குச்சி தோலில் உரசுவது கேட்கிறது, தாளம் கேட்கிறது, அந்தத் தொண்டை மட்டும் இல்லை. நான் மண் என்று நினைத்து வெட்டச் சொன்னது அதைத்தான்.

பையனிடம், "உறுமில நான் சொன்னத எல்லாம் எடுத்துரு" என்றேன். நெரிசல் திரும்பி வந்தது. இந்தத் தடவை பேடை அதே இடத்தில் வெட்டினோம், கொஞ்சம் தாராளமாகவே. உறுமி ஏறும்போது மட்டும் பேட் இன்னும் பணிந்துபோகிற மாதிரி அவனே ஒரு ஆட்டோமேஷன் வரைந்தான். பேட் மெலிந்துவிட்டது. தனியாகக் கேட்டால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். மொத்தமாகப் போட்டபோது சித்தப்பா மறுபடி கண்ணை மூடினார். அவர் வலது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது.

"எப்படிச் சித்தப்பா?" என்று பையன் கேட்டான். அவர் பதில் சொல்லாமல், "மொதல்லருந்து போடுறா" என்றார். மூன்று தடவை போட்டோம். ஏழரை மணிக்கு உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன்.